ஆள் வந்தா சரியாயிடும்

காலை எட்டரை மணி இருக்கும். அரங்கத்துக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசை பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் கலை இலக்கிய நாள். மதிய அமர்வு ஒன்றுக்குத் தலைமை தாங்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அழைப்பிதழில் பத்து மணிக்குத் தொடக்க விழா, சாப்பாட்டுக்குப் பிறகு ஆய்வுக் கட்டுரை வாசிப்பு, நாலரைக்குக் கவியரங்கம், ஆறரைக்குக் கச்சேரி. எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

மேடையில் மைக் செட்காரர் நின்றுகொண்டு "அலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ" என்றார். அவர் 'த்ரீ' சொல்லும்போது 'ஒன்' இன்னும் கூரையைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, கிணத்துக்குள்ள பேசுற மாதிரி இருக்கு?" என்றேன்.

"காலி ஹால் அப்படித்தான் சார் முழங்கும். ஆள் வந்து உக்காந்தா சரியாயிடும்." சொல்லிவிட்டு ஒயரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவருக்கு இது தொழில் பழக்கத்தில் தெரிந்த சங்கதி. இதையே எண்களால் பிடித்து வைக்க ஓர் இளம் இயற்பியல் ஆசிரியருக்கு மூன்று வருடத் தூக்கம் போனது. அதுவும் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த கதைதான்.

1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கட்டியவர் ரிச்சர்ட் மோரிஸ் ஹண்ட், அன்றைய அமெரிக்காவின் பெரிய கட்டடக் கலைஞர். அதற்குள் ஒரு விரிவுரை அரங்கு. பார்க்க லட்சணமாக இருந்தது. பாடம் நடத்தத்தான் முடியவில்லை. ஆசிரியர் ஒரு சொல்லைச் சொன்னால் அது அடங்க ஐந்தரை வினாடி ஆயிற்று. அதற்குள் அவர் பத்துப் பதினைந்து சொல் தாண்டிப் போயிருப்பார். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூழாகிவிடும். பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட், இயற்பியல் துறையிலிருந்த வாலஸ் சபைன் என்ற இளைஞரைக் கூப்பிட்டு இதற்கு ஏதாவது வழி பார் என்றார். சபைனுக்கு அப்போது 27 வயது. ஒலியியலில் பெயர் எடுத்தவரும் இல்லை.

அந்தக் காலத்தில் அரங்கின் ஒலி என்பது கட்டி முடித்த பிறகு தெரியவரும் ராசி. நன்றாக அமைந்தால் அதிர்ஷ்டம். அமையாவிட்டால் சுவருக்குச் சுவர் கம்பி இழுத்துக் கட்டிப் பார்ப்பார்கள். கம்பி ஒலியைப் பிடித்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. கம்பி எதையும் பிடித்ததில்லை.

சபைன் வேறு இடத்தில் தொடங்கினார். அதே வளாகத்தில், கூப்பிடு தூரத்தில், சாண்டர்ஸ் அரங்கம் இருந்தது. அங்கே பேச்சு தெளிவாகக் கேட்டது. ஃபாக் அரங்கை அதைப்போல் ஆக்க என்ன வேண்டும்? அங்கிருந்த இருக்கை மெத்தைகளை இரவில் உதவியாளர்களோடு சுமந்துகொண்டு வந்து ஃபாக் அரங்கில் பரப்புவார். ஆர்கன் குழாய் ஒன்றை ஊதவிட்டு நிறுத்துவார். ஒலி காதுக்கு எட்டாமல் போகும்வரை எத்தனை வினாடி என்று அளப்பார். இன்னும் சில மெத்தை, மறுபடி குழாய், மறுபடி அளவு. தெருவில் வண்டிச் சத்தம் ஓய்ந்த நள்ளிரவுக்குப் பிறகுதான் இதெல்லாம். விடிவதற்குள் மெத்தைகள் சாண்டர்ஸுக்குத் திரும்பியிருக்க வேண்டும். காலையில் யாராவது வந்து உட்காருவார்களே. மெத்தை ஏற ஏற நேரம் இறங்கியது. கடைசியில் ஐந்தரை வினாடி ஒரு வினாடியை ஒட்டி வந்து நின்றது. அவரிடம் இருந்த கருவி என்று பார்த்தால் குழாய், கடிகாரம், ஒரு ஜோடிக் காது.

ஒரு கட்டத்தில் அளவுகள் முன்னுக்குப்பின் முரணாக வந்தன. காரணம் தேடித் தேடி, தான் போட்டிருந்த உடுப்புதான் அது என்று கண்டுபிடித்தார். வெயில்காலச் சட்டையோடு அளந்ததும் குளிர்காலக் கோட்டோடு அளந்ததும் ஒத்துப்போகவில்லை. எந்த நாளில் எதைப் போட்டிருந்தோம் என்று குறித்து வைக்காததால் ஆயிரக்கணக்கான அளவீடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டார். பிறகு ஒரே கோட்டு, ஒரே கால்சட்டை, ஒரே ஜோடி காலணியோடுதான் சோதனைக்குப் போனாராம். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான். அத்தனை பெரிய அறையில் ஓர் ஆளின் கோட்டு காதுக்குத் தெரியும் அளவுக்கு வித்தியாசம் செய்கிறது!

எப்படி? கம்பளியும் பஞ்சும் துணியும் நுண்துளைகளால் ஆனவை. ஒலி என்பது காற்றின் அசைவு. அந்த அசைவு இழைகளுக்கு நடுவே புகுந்து உரசும்போது ஆற்றல் வெப்பமாகிக் காணாமல் போகிறது. வெப்பம் என்றால் கோட்டு சுடும் அளவுக்கில்லை; கண்டுகொள்ளவே முடியாத துளி. ஆனால் காதுக்கு அந்தத் துளி பெரிது. சிமென்ட் பூச்சும் கண்ணாடியும் டைல்ஸ் தரையும் இப்படி எதையும் வாங்கிக்கொள்ளாது. நூறு பங்கு வந்தால் தொண்ணூற்றேழு தொண்ணூற்றெட்டைத் திருப்பி அனுப்பிவிடும்.

1898 இலையுதிர்காலத்தில் ஒரு நாள், சேர்த்து வைத்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்த சபைனுக்குப் பளிச்சென்று பிடிபட்டது. மெத்தை, சுவர், தரை எல்லாம் சேர்ந்து உறிஞ்சும் மொத்த அளவையும் ஒலி அடங்கும் நேரத்தையும் பெருக்கினால் எப்போதும் ஒரே விடை. கோடாகப் போட்டால் அதிபரவளையம். அதை உரக்கச் சொல்லிக்கொண்டே அம்மாவிடம் ஓடினார் என்கிறார்கள். கணக்கு பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே எட்டும்: அறையின் கனஅளவைக் கன மீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள், உறிஞ்சும் பரப்பால் வகுத்து 0.161ஆல் பெருக்குங்கள். வருவது எதிர்முழக்க நேரம், அதாவது ஒலியின் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகத் தேயும் நேரம், வினாடியில்.

உறிஞ்சுதலை அளக்க அவர் எடுத்துக்கொண்ட அலகு அழகானது: திறந்த ஜன்னல். ஒரு சதுர மீட்டர் ஜன்னலைத் திறந்து வைத்தால், அதில் போய் விழும் ஒலி திரும்பி வருவதே இல்லை. முழு உறிஞ்சல். ஒரு மெத்தை எத்தனை ஜன்னலுக்குச் சமம், ஓர் ஆள் எத்தனை ஜன்னலுக்குச் சமம் என்று கணக்குப் போட்டார். உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறத்தாழ 0.45 சதுர மீட்டர் திறந்த ஜன்னல். எனக்கு அதற்குப் பிறகு கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன ஜன்னல்கள் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும்.

இனி நம் அரங்குக்கு வருவோம். முன் வரிசையில் உட்கார்ந்து அழைப்பிதழின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். நீளம் 30 மீட்டர், அகலம் 18, உயரம் 8 என்று கண்ணால் அளந்தால் 4,320 கன மீட்டர். சுவர், கூரை, நாற்காலி, மேடைத் திரை எல்லாம் சேர்ந்து தாராளமாக 160 சதுர மீட்டர் ஜன்னல் என்று வைத்துக்கொண்டால், காலி அரங்கின் எதிர்முழக்கம் நாலு வினாடிக்கு மேல். தொடக்க விழாவுக்கு 600 பேர் வந்து உட்கார்ந்தால் 270 ஜன்னல் கூடும், நேரம் 1.6 வினாடிக்கு இறங்கும். மைக் செட்காரர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. பத்து மணிக்கு அரங்கு நிறைந்தது. வரவேற்புரையில் தொடங்கி வாழ்த்துரை வரைக்கும் ஒரு சொல் தவறாமல் கேட்டது. அவ்வளவையும் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு என் அமர்வு. கூட்டம் பந்தியோடு கலைந்துவிட்டது. எண்ணினேன், நாற்பது பேர். ஓர் ஆய்வு மாணவி கல்வெட்டுகளில் ஏரி நீர்ப் பங்கீடு பற்றிக் கட்டுரை வாசித்தார். நல்ல உழைப்பு என்று கையில் இருந்த பிரதியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். காதில் விழுந்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. நாற்பது பேருக்குக் கணக்குப் போட்டால் 3.9 வினாடி. காலி அரங்குக்கும் இதற்கும் பேருக்குத்தான் வித்தியாசம். அன்றைய நாளில் சொல்லுக்குச் சொல் கேட்க வேண்டிய நிகழ்ச்சி அது ஒன்றுதான். அதற்குத்தான் அரங்கு இந்த லட்சணத்தில் இருந்தது.

நாலு வினாடி என்றால் பேச்சுக்கு என்ன ஆகிறது? சாதாரணமாகப் பேசும்போது வினாடிக்கு ஐந்து அசையாவது வரும். நாலு வினாடியில் 60 டெசிபல், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்காக, இறங்கும் அறையில், ஓர் அசைக்கும் அடுத்த அசைக்கும் இடையில் மூன்று டெசிபல்தான் இறங்கியிருக்கும். அதாவது அடுத்த அசை வாயிலிருந்து வரும்போது முந்தைய அசையின் ஆற்றலில் பாதி இன்னும் அறைக்குள் உலவுகிறது. அதற்கு முந்தியதில் கால், அதற்கும் முந்தியதில் அரைக்கால்.

தமிழுக்கு இதில் தனிக் கஷ்டம் ஒன்று உண்டு. 'பாட்டு', 'பாடு' இரண்டையும் மெல்லச் சொல்லிப் பாருங்கள். 'பாட்டு' என்னும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒரு கணம் சத்தமே இல்லாமல் நிற்கிறது. அந்த மௌனம்தான் இரட்டை வல்லினம். முழங்கும் அறையில் முன்னால் வந்த 'பா'வின் எச்சம் அந்த மௌனத்துக்குள் வழிந்து அதை நிரப்பிவிடுகிறது. 'பாட்டு' மழுங்கிப் 'பாடு' ஆகிறது, 'பத்து' 'பது' ஆகிறது. உயிரெழுத்துகள் பலமானவை, நீளமானவை; பிழைத்துக்கொள்கின்றன. மெய்கள் மூழ்கிவிடுகின்றன. அந்த மாணவியின் கட்டுரையில் எனக்கு 'ஏரி' மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அந்தச் சொல்லில் வல்லினமே இல்லை.

பின் வரிசையிலிருந்து ஒருவர் "சவுண்டு கூட்டுங்க" என்று சைகை காட்டினார். கூட்டினார்கள். நேரடியாக வரும் குரலும் கூடியது, முழக்கமும் அதே அளவு கூடியது, விகிதம் மாறவில்லை. இந்த இடத்தில் மைக் செட்காரர் யாரும் சொல்லாமல் எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைத்தார். சுவரைப் பார்த்து நின்ற ஒரு ஸ்பீக்கரைத் திருப்பி ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கம் சாய்த்து வைத்தார். ஒலி முதலில் உறிஞ்சுகிறவர்கள்மேல் போய் விழட்டும், சுவரில் படுவது குறையட்டும் என்பது கணக்கு. கொஞ்சம் தேவலாம் என்று ஆனது. நான் என் பங்குக்கு ஏ.சி.யை நிறுத்தி ஜன்னல்களைத் திறக்கச் சொன்னேன். இரண்டு சதுர மீட்டர் பரப்பில் பன்னிரண்டு ஜன்னல், 24 அலகு. ஐம்பத்து மூன்று பேர் புதிதாக வந்து உட்கார்ந்ததற்குச் சமம். வெயில் வந்ததில் இருந்த நாற்பதில் ஏழெட்டுப் பேர் எழுந்து போனார்கள். அந்த நஷ்டத்தைக் கழித்தும் லாபம்தான்.

அப்படியானால் முழக்கமே இல்லாத இடம் நல்லதா? அதையும் ஹார்வர்டில் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், லியோ பெரனெக் என்ற ஒலியியல் அறிஞர் எதிரொலியே இல்லாத ஓர் அறையை அமைத்தார். சுவர், கூரை, தரை என்று ஆறு பக்கமும் கண்ணாடி இழை ஆப்புகள். நடக்க நடுவில் வலை. பேசினால் குரல் வாயைவிட்டு நகர மறுப்பதுபோல் இருக்கும். 1951வாக்கில் இசையமைப்பாளர் ஜான் கேஜ் அதற்குள் போனார். முழு அமைதியை எதிர்பார்த்துப் போனவருக்கு இரண்டு சத்தங்கள் கேட்டன, ஒன்று கீச்சென்று, ஒன்று கனமாக. கனமானது உன் ரத்த ஓட்டம், கீச்சென்றது உன் நரம்பு மண்டலம் என்று பொறியாளர் விளக்கினாராம். நரம்பு விளக்கத்தை நான் நம்பவில்லை. காதுக்குள் பலருக்கும் இருக்கும் ரீங்காரமாக இருந்திருக்கும். மறு ஆண்டு, கலைஞர் ஒரு ஸ்வரம்கூட வாசிக்காமல் நாலு நிமிடம் 33 வினாடி உட்கார்ந்திருக்கும் படைப்பை கேஜ் மேடையேற்றினார். இயற்பியல் துறைக் கூடமும் இசை மேடையும் அவ்வளவு பக்கத்தில் இருந்த வளாகம் அது. மெத்தை கடன் கொடுத்த சாண்டர்ஸ் அரங்கில் இன்றும் பாடமும் நடக்கிறது, கச்சேரியும் நடக்கிறது. சிரிக்க வைத்துச் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் விழா பல ஆண்டுகள் அங்கேதான் நடந்தது. குட்டி ஓப்பரா ஒரு பக்கம், மேடையை நோக்கிப் பறக்கும் காகித விமானங்கள் ஒரு பக்கம்.

இசைக்கு மேலை நாட்டார் முழக்கத்தைக் கேட்டு வாங்குவார்கள். சபைனின் கணக்கை வைத்து வடிவமைக்கப்பட்ட முதல் பெரிய அரங்கம் பாஸ்டன் சிம்பொனி ஹால், 1900 அக்டோபர் 15 அன்று திறந்தது. அரங்கு நிறைந்திருக்கும்போது எதிர்முழக்கம் 1.9 வினாடியை ஒட்டி. உலகின் தலைசிறந்த இசை அரங்குகளின் பட்டியல் யார் போட்டாலும் அதில் அது இருக்கும். வயலின்கள் எல்லாம் ஒரே குரலாகக் குழைய, ஒரு ஸ்வரம் அடுத்ததோடு இழைய, அந்த இரண்டு வினாடி வேண்டும். பேச்சுக்கோ ஒரு வினாடிக்குள் அடங்க வேண்டும். காலையில் பேச்சும் மாலையில் சிம்பொனியும் ஒரே அறையில் என்றால் இரண்டில் ஒன்று அழும்.

நம் கச்சேரி இந்த இரண்டில் எந்தப் பக்கம்? என் கட்சி, பேச்சின் பக்கம். பாடகர் ஒருவர், சாகித்தியம் புரிய வேண்டும், கமகத்தின் நுனி தெரிய வேண்டும், மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தில் வினாடிக்குப் பத்துச் சொல் விழும்போது ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்க வேண்டும். பழைய காலத்தில் கச்சேரி கேட்ட இடங்களை நினைத்துப் பாருங்கள். கல்யாணப் பந்தல், கீற்றுக் கொட்டகை, கோயில் வெளிப் பிராகாரம். கீற்று துளைத்துளையாக இருக்கும், ஒலியை வாங்கிக்கொள்ளும். பந்தலுக்குப் பக்கச் சுவரே கிடையாது. சபைன் ஒன்றிரண்டு சதுர மீட்டராக எண்ணிய திறந்த ஜன்னல், இங்கே மூன்று பக்கமும் முழு நீளத்துக்கு. பந்தல் போட்டவர் யாரும் ஒலியை நினைத்துப் போடவில்லை. வெயிலையும் செலவையும் நினைத்துத்தான் போட்டார்கள். இருந்தாலும் கேட்பதற்கு அது கான்கிரீட் ஆடிட்டோரியத்தைவிட எவ்வளவோ மேல். கீற்றை எடுத்துவிட்டுக் கான்கிரீட் வைத்தவர்கள் மெத்தை வைக்க மறந்துவிட்டார்கள்.

ஆறு மணிக்கு மிருதங்க வித்வான் மேடையில் வந்து உட்கார்ந்தார். டிபன் டப்பாவிலிருந்து பிசைந்த ரவையை எடுத்து, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் நடுவில் அப்பினார், விரலில் கொஞ்சம் தண்ணீர் தொட்டுச் சமன் செய்தார். தட்டினார். "கும்ம்ம்..." என்று எழுந்தது, இறங்கவே இல்லை. மறுபடி தட்டிவிட்டுக் கூரையைப் பார்த்தார். துணியும் மெத்தையும் ஆட்களும் நன்றாக உறிஞ்சுவது மேல் ஸ்தாயி ஒலிகளைத்தான். கனத்த ஒலியின் அலை மீட்டர் கணக்கில் நீளம், மெல்லிய துணியைச் சட்டை செய்யாமல் கடந்து போகும். மேடைக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்த வெல்வெட் திரை தொப்பிக்கு ஒன்றும் செய்யாது. மைக் செட்காரர் மிக்சரில் ஒரு குமிழைத் திருகி அந்த மைக்கில் பேஸைக் குறைத்தார். வித்வான் தலையசைத்தார்.

வலப்பக்கமான வலந்தலையில் அந்தத் தொந்தரவு இல்லை. அதன் நடுவில் இருக்கும் கருப்பு வட்டம், வித்வான்கள் சோறு என்று சொல்வது, சாதமும் கல்பொடியும் சேர்த்துப் படலம் படலமாக இழைத்தது. வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் எழும் ஒலிகள் ஒன்றுக்கு 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கில்லாத விகிதத்தில் வரும். அதனால்தான் பெரும்பாலான முரசுகளுக்குச் சுருதி கிடையாது. மிருதங்கத்தில் அந்தச் சோறு தோலின் நடுவைக் கனமாக்கி, அந்த ஒலிகளை 1, 2, 3, 4, 5 என்று தந்தி வாத்தியத்தைப்போல் வரிசையில் நிறுத்துகிறது. இதை 1920இல் சி.வி. ராமன், சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார். 1930களில் இன்னும் விரிவாக ஆராய்ந்தார். ஒளியில் பெயர் பெறுவதற்கு முன்பே தோலையும் தந்தியையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். முழங்கும் அரங்கில் இதனால் ஒரு சின்ன ஆறுதல்: வலந்தலையின் எச்சம் அறையில் தங்கினாலும் தம்புராவின் சுருதியோடு சேர்ந்தே தங்குகிறது, சண்டை போடுவதில்லை.

ஆறரைக்கு அரங்கு மறுபடி நிறைந்தது. விடுதிப் பிள்ளைகள் தரையிலும் உட்கார்ந்தார்கள். தனி ஆவர்த்தனத்தில் சொற்கள் உதிர்ந்தது உதிர்ந்தபடி வந்து விழுந்தன.

எல்லாம் முடிந்து பத்து மணிக்கு, அடுக்கி வைத்த நாற்காலிகளுக்கு நடுவில் மைக் செட்காரர் முழங்கையில் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். என் கணக்கைச் சொன்னேன். அழைப்பிதழை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாலு செகண்டா? தட்டிப் பாத்துருவோம் சார்" என்று ஒயரைக் கீழே போட்டுவிட்டு, மேடை நடுவில் போய் நின்று, இரண்டு கையையும் ஓங்கி ஒரே ஒரு தட்டுத் தட்டினார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வரைக்கும் எண்ணினேன். அதற்குள் வாட்ச்மேன் டார்ச்சோடு கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து, "என்ன சார் வெடிச்சுது?" என்றார்.